செத்தவரும் இருக்கிறவரும்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு வாசலில் ஞாயிறுதோறும் ஒரு வழக்கு நடக்கும். ராக் இசை வாசித்தவர்களில் உலகத்திலேயே பெரியவர் யார் என்பதுதான் வழக்கு. வாதாடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்மாவின் தம்பி, என் மாமா. கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு போய் கிதார் வாசிப்பவர். இன்னொருவர் அவருடைய சிநேகிதர். சூரமங்கலத்தில் எங்கள் ரயில்வே குடியிருப்புக்குத் திரும்பும் முனையில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிடுவோம்.

மாமா கட்சி கட்டியது சின்ன வயதிலேயே இறந்துபோன ஒரு வெளிநாட்டுக் கிதார்காரருக்கு. பாயின் ஆள் அப்போதும் உயிரோடிருந்து வாசித்துக்கொண்டிருந்தவர். இரண்டு பெயரும் என் வாயில் நுழையவில்லை. அதனால் செத்தவர், இருக்கிறவர் என்று சொல்லிவந்தேன். கொஞ்ச நாளில் அவர்களும் அப்படியே பேசத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்கார அம்மா ஒரு நாள் என் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "ஏனக்கா, உங்கூட்டுல யாரு தவறிப்போனது? ஒரு வார்த்தை சொல்லலையே" என்று துக்கம் விசாரித்தார்.

"நாலு வருசம் வாசிச்சுட்டுப் போனவன் எப்படிடா பெரியவன் ஆவான்? எங்காளு இருவது வருசமா வாசிக்கறாரு" என்பார் பாய்.

"பனமரத்துப்பட்டி பஸ்சுங்கூட இருவது வருசமா ஓடுது. அதுக்கு மாலை போடுவியா?"

"பஸ்சு ஊரு போய்ச் சேருது மாப்ள. உங்காளு பாதி வழில எறங்கிட்டாரு."

மாமா கிதாரை எடுத்துச் செத்தவருடைய ஒரு துண்டை வாசித்துக் காட்டுவார். பாய் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். அவர் தோற்றுப்போனதாக நான் நினைப்பேன். அடுத்த ஞாயிறு வழக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. "செத்தவன் பெருசா, இருக்கறவன் பெருசான்னு பேசறதுக்கு எவனாச்சும் சோறு போடறானா மாப்ள?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டார். அம்மாவின் பெரியப்பா மகன் திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்திருந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் வடநாட்டுக்குப் போனால் மழைக்குத்தான் ஊர் திரும்பும். அதில் மாமாவை அனுப்பிவிட வேண்டும் என்பது வீட்டார் முடிவு. மாமாவுக்கோ மதராசுக்குப் போய்ப் பாட்டுப் பதிவில் வாசிக்க வேண்டும். அங்கே தங்க இடம்கூட பாய் பார்த்து வைத்திருந்தார்.

"அந்த வண்டிக் கம்ப்ரசர் எரைச்சல்ல நின்னு வேலை செஞ்சா, அப்பறம் காது எனக்கு எதுக்குங்க மச்சான்?" என்றார் மாமா.

"பஞ்சு வெச்சுக்கிட்டாப் போகுது சாமி" என்றாள் அம்மா.

பேச்சு முற்றியது. கடைசியில் குலசாமியிடம் பூக்கேட்பது என்று ஆயிற்று. எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதென்றாலும், கிணறு வெட்டுவதென்றாலும் அப்படித்தான். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து சாமி முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று ஒரு மடிப்பை எடுக்கும். வெள்ளை வந்தால் ரிக் வண்டி, சிவப்பு வந்தால் மதராசு. எடுக்கிற குழந்தை நான்.

"பாதிக்குப் பாதி மாப்ள" என்று மாமா பாயிடம் சொன்னார்.

"எடுக்கறது யாரு, பாப்பாதானே? அவ உங்கட்சி. பயப்படாதே."

குலசாமி கோயில் மோகனூர்ப் பக்கம் இருந்தது. பூக்களை மடித்தது அம்மா. மடிக்கும்போதே அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கற்பூரப் புகை என்று நினைத்தேன். நான் எடுத்த மடிப்பைப் பூசாரி பிரித்துப் பூவை என்னிடமே கொடுத்தார். வெள்ளை. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமா விழுந்து கும்பிட்டார்.

மற்ற மடிப்பைப் பிரிக்கிற வழக்கம் இல்லை. எல்லோரும் பொங்கல் வைத்த இடத்துக்குப் போனதும் நான் அதை எடுத்துப் பிரித்தேன். அதுவும் வெள்ளை. இரண்டும் ஒரே மாதிரி இருந்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம். சடைக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டேன்.

மாமா தண்ணீர்த் தொட்டியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். ஈரக் கையோடு அப்படியே நின்றார்.

"ரெண்டும் வெள்ளையா சாமி?"

"ஆமாங் மாமா. சோடியா இருக்குது."

பொங்கல் கிளறிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் சடையிலிருந்து ஒரு பூவை மட்டும் எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஒண்ணு போதும். அம்மாகிட்டச் சொல்லாத." அரளியைத் தலையில் வைத்தால் அம்மா திட்டுவாள் என்பதற்காகச் சொல்கிறார் என்று எண்ணித் தலையாட்டினேன். இன்றுவரை சொல்லவில்லை. கேட்டுவிடலாம் என்று எனக்குத் தைரியம் வந்தபோது அம்மா இல்லை.

அந்த வாரமே மாமா கிதாரை பாயின் கடையில் வைத்துவிட்டு வண்டி ஏறினார்.

அடுத்த ஆடிப் பண்டிகைக்கு வந்தார். கறுத்திருந்தார். எதையும் உரக்கப் பேசினார். "வடக்க போயித்தான் ஆம்பளையாட்டம் பேசப் பழகியிருக்கறான்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னாள். நாம் ஒன்று கேட்டால் அவர் வேறொன்று சொன்னார். தூரதேசம் போனவர்களுக்குக் கவனம் அப்படித்தான் சிதறும் என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை மாமா என்னைக் கூட்டிக்கொண்டு பாயின் கடைக்குப் போனார். பாய் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். துணி உறையைக் கழற்றிக் கிதாரை நீட்டினார். அதன் கம்பிகளை மாமா விரலால் மெல்லத் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அப்பறமாப் பாக்கலான்டா."

பாய் சிரித்துக்கொண்டே ஒரு கேசட்டைப் போட்டார். வருஷம் முழுக்க இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்தார். செத்தவர் வாசிக்கத் தொடங்கினார். மாமா எங்கள் வாசலில் வாசித்துக் காட்டும் அதே துண்டு. எனக்கே தெரிந்தது.

மாமா டேப் பெட்டியையும் பாயின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு கடை அதிரச் சொன்னார்: "ஒத்துக்கறன்டா. உங்காளு நல்லாத்தான் வாசிக்கறாரு. அவருதான் பெருசு, போ."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாமா அதற்கு முன் எத்தனையோ வேடிக்கை செய்திருக்கிறார், இவ்வளவு நல்ல வேடிக்கை செய்ததில்லை. பாய் மட்டும் சிரிக்கவில்லை. அத்தனை நாள் நடந்த வழக்கில் அன்று ஜெயித்த மனிதர், எங்களுக்கு முதுகைக் காட்டி, அலமாரியில் ஒழுங்காக இருந்த கேசட்டுகளை எடுத்து எடுத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சிரிப்பதைப் பார்த்து, மாமாவும் சேர்ந்து சிரித்தார்.