அஞ்சலையின் கற்கண்டு

அஞ்சலை யாரையும் தேடிப் போய்க் கூப்பிடுவதில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் தன் வீட்டு வாசற்படியில் நின்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கும் கற்கண்டை எடுத்து முந்தானை முனையில் முடிந்துகொள்கிறாள். பிறகு, "ஏ விஜயா, ஏ கோகிலா, எந்திரிங்கடி, லோரி வந்துடும்" என்கிறாள். விஜயா இருப்பது காஜா பெராங் சாலைக்கு அந்தப் பக்கம். கோகிலாவின் வீடு அதற்கும் அப்பால், ரம்புத்தான் மரங்களுக்குப் பின்னால். இருவரும் எழுந்துவிடுகிறார்கள். எழ வேண்டிய அவசியமே இல்லாத தெருவும் கூடவே எழுந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டுப் பத்மினி அம்மாளின் ஜன்னல் அப்போது படாரென்று சாத்திக்கொள்ளும். அவர் மலாக்காச் செட்டிக் குடும்பத்தவர். நெற்றியில் விபூதி, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். "பெலான் பெலான்லா, அஞ்சலை" என்று உள்ளிருந்து கேட்கும். மெதுவாகப் பேசேன் என்று பொருள். "சரிக்கா" என்று அஞ்சலையும் மெதுவாகத்தான் பதில் சொல்வாள். அந்த மெதுவான பதில் முனையிலுள்ள காப்பிக் கடை வரைக்கும் போகும்.

அவளுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். விஜயா, கோகிலாவோடு சாலை போடும் கூட்டத்தில் வேலை. சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, முகத்தைச் சுற்றித் துண்டு, காலில் சூடு ஏறாமலிருக்கச் சாக்குத் துணி. எவ்வளவு தேய்த்தாலும் குதிகாலில் தார் போகாது. தேநீரைப் பால் டின்னில் ஊற்றி, கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு போவாள். புருஷன் கலியாணசுந்தரத்துக்கு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. நாளெல்லாம் கிசுகிசுத்தே பழகிய மனிதர். "எங்க வூட்ல பேச்சப் பங்கு பிரிச்சப்போ அவரு பங்கையும் சேத்து எனக்கே குடுத்துட்டாங்க" என்பாள்.

அந்தக் குரலுக்காக அவள் கேட்ட பேச்சு கொஞ்சமில்லை. கூட்டத்தை மேய்க்கும் மேஸ்திரி, மண்டோர் சேதுபதி, "நீ கத்துற கத்துல தாரு தன்னால ஆறிப் போவுது" என்பார். கோயில் பஜனையில் அவளைத் தாளம் மட்டும் போடச் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். பஜனையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் வாயிலுள்ள கற்கண்டைக் கடித்து நொறுக்கிவிடுவாள்.

ஆனால் பாலத்துக் குழாயையோ விழுந்த மரத்தையோ இழுக்க வேண்டுமென்றால், அதே சேதுபதி அவளைத்தான் முன்னால் நிறுத்துவார். அவள் ஒரு அடி பாடுவாள். கூட்டம் பதில் சொல்லும். பதிலின் கடைசி அசையில் எல்லாக் கைகளும் ஒன்றாக இழுக்கும். பாட்டு முன்கூட்டியே இருப்பதில்லை. எதை இழுக்கிறாளோ அதையே கிண்டல் பண்ணிக் கட்டிவிடுவாள்.

மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்குச் சில மாதங்களுக்கு முன் அடித்த சுமாத்ராக் காற்றை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நான் நாலைந்து நாடுகள் சுற்றிவிட்டு இதே தெருவிலுள்ள என் வீட்டுக்கு வந்து, பெட்டியைக்கூடப் பிரிக்காமல், அடுத்து எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். விடியற்காலையில் மேற்கே வானம் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் காஜா பெராங்கில் தகரக் கூரைகள் தெருவில் பறந்தன. கரையோரம் இதைவிட மோசம். அன்று பௌர்ணமி. ஏறி நின்ற கடலைக் காற்று அப்படியே வாரி ஊருக்குள் எறிந்தது. உஜோங் பாசிரில் வீடுகள் கால்கள் முறிந்து படுத்துவிட்டன. கடலுக்குப் போயிருந்த இருவர் திரும்பவே இல்லை. கரையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சிராய்களாகின. முழுசாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. லாசரோ என்ற போர்த்துகீசிய வம்சத்து மீனவரின் பெரிய படகை அலை தூக்கிச் சாலையையும் தாண்டித் தென்னந்தோப்புக்குள் உட்கார வைத்திருந்தது.

சாலையை அடைத்துக் கிடந்த மரங்களை அகற்ற அஞ்சலையின் கூட்டம் கோடாரிகளோடு போய் இறங்கியபோது, லாசரோ துடுப்பைக் குறுக்கே பிடித்துப் படகின் முன் நின்றாராம். படகை உடைக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். அஞ்சலை மலாயில், "நாங்க ரோட்டத்தான் கொத்துவோம், படகக் கொத்த மாட்டோம், துடுப்பக் கீழ வைங்க" என்றாள். அவர் வைக்கவில்லை. தேநீர் டின்னை நீட்டிய பிறகுதான் வைத்தார்.

அந்தப் படகு கடலில் இறங்கினால்தான் அந்தக் கரையில் அடுப்பு எரியும். இறங்குவதற்கோ ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அமாவாசையன்று காலையில் தண்ணீர் மறுபடி சாலை ஓரம் வரை ஏறி வரும். அதைத் தவற விட்டால் இன்னும் அரை மாதம் வெயிலில் கிடந்து பலகைகள் பிளந்துவிடும். அதுவரை ஈரச் சாக்கைப் போர்த்தி, வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டார்கள், காய்ச்சல்காரனைப் பார்த்துக்கொள்வது போல.

அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சாலைக் கூட்டம் சைக்கிளிலும் நடந்துமாக வந்து சேர்ந்தது. காஜா பெராங்கிலிருந்து நானும் போனேன். பத்மினி அம்மாளும் பலகாரக் கூடையோடு வந்தார். மலாய்க்காரர்கள், போர்த்துகீசியர்கள், கடைத்தெருச் சீனர்கள் என்று கயிற்றுக்கு இரு பக்கமும் ஆட்கள். படகுக்கு அடியில் தென்னந்துண்டுகளை உருளை போல வைத்திருந்தார்கள். புறப்படும்போதே சேதுபதி அஞ்சலையிடம், இது அவங்க ஊர், அவங்க படகு, கொஞ்சம் அடக்கி வாசி என்று சொல்லியிருந்தார். அவளும் கற்கண்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே, வாய்க்குள் முனகுவது போலப் பாடினாள்.

லாசரோ அவர் வழக்கப்படி, "சத்து, துவா, தீகா" என்று மூன்று எண்ணினார். மீனவர்கள் மூன்றில் இழுத்தார்கள். எங்கள் கூட்டமோ மூன்றைக் கேட்டு, அதற்குப் பதில் குரல் கொடுத்து, அந்தப் பதிலின் முடிவில் இழுத்தது. அவர்கள் இழுத்தபோது நாங்கள் இழுக்கவில்லை. நாங்கள் இழுத்தபோது அவர்கள் விட்டிருந்தார்கள். படகு முன்னும் பின்னும் ஆடியதே தவிர நகரவில்லை. மறுபடி, மறுபடி அதே கதை. கயிறு உரசி உள்ளங்கைகள் எரிந்தன. ஒரு துண்டு நழுவிப் படகு ஒரு பக்கம் சாய்ந்ததும் லாசரோவின் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். சாலை ஓரத்தில் நுரை நின்ற இடம் ஈரமாக மட்டும் இருந்தது. தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது.

எல்லோரும் எல்லோரையும் திட்டினார்கள், அவரவர் மொழியில். சேதுபதி கயிற்றை விட்டுவிட்டு அஞ்சலையின் முன்னால் வந்து நின்றார்.

"அந்தக் கற்கண்ட எடுத்துடு, தாயி" என்றார்.

அவள் எடுத்தாள். முந்தானையில் முடிந்தாள். விஜயாவும் கோகிலாவும் அதைப் பார்த்ததுமே காலை அகட்டி நின்றார்கள். அஞ்சலை படகின் மூக்கில் ஏறி நின்றுகொண்டு, இனி யாரும் எண்ண வேண்டாம் என்று மலாயில் லாசரோவுக்குச் சொன்னாள். அடியின் கடைசியில் நான் "ஹேலா" என்பேன், மீனவர்கள் இழுப்பதற்குச் சொல்லும் அந்தச் சொல்லில் தமிழாள், மலாயாள் எல்லாரும் இழுக்க வேண்டும், எங்கள் கூட்டம் பதில் சொல்லக் கூடாது என்றாள். பிறகு மூச்சை இழுத்தாள்.

"விருந்துக்கு வந்த படகே, தின்னது போதும் கெளம்பு, ஹேலா."

படகு நகர்ந்தது. விரற்கடை அளவுதான், ஆனால் திரும்பி ஆடவில்லை.

"தேங்கா பறிக்க வந்தியா, மீனு பிடிக்கப் பொறந்தியா, ஹேலா."

சிரித்துக்கொண்டே இழுத்தோம். பொருள் புரியாத மலாய்க்காரர்களும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். எத்தனையோ துறைமுகங்களில் எத்தனையோ கூவல்களைக் கேட்டிருக்கிறேன். என் கை என்னைக் கேட்காமல் தானாக இழுத்தது அன்று ஒரு நாள்தான். படகு தோப்பை விட்டது, சாலையில் ஏறியது, அந்தப் பக்கம் சரிந்தது. பின்வாங்கிக்கொண்டிருந்த தண்ணீரைத் துரத்திப் பிடித்து அதன்மேல் படுத்தது. மூக்கில் நின்றிருந்த அஞ்சலையும் படகோடு கடலுக்குள் போய்விட்டாள். நீந்தத் தெரியாதவள். பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் பாடிக்கொண்டே போனாள். கரையில் அத்தனை பேரும் "ஹேலா, ஹேலா" என்று வெறும் கையை இழுத்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் அவள் தொண்டை கட்டிக்கொண்டது. விஜயாவும் கோகிலாவும் லோரியைத் தவற விட்டார்கள். காப்பிக் கடை தாமதமாகத் திறந்தது. பத்மினி அம்மாள் இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து, குடிக்கும் வரை நகராமல் எதிரே உட்கார்ந்திருந்தார். நானும் பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அஞ்சலையோடும் பத்மினி அம்மாளோடும் உஜோங் பாசிருக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். லாசரோவின் படகு தூரத்தில் கடுகளவு தெரிந்தது. மத்தியானம் வரை கரைக்கு வராது, அங்கேயிருந்து எதுவும் கேட்கவும் கேட்காது, வீட்டுக்குப் போகலாம் என்று பத்மினி அம்மாள் முணுமுணுத்தார். அஞ்சலையோ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, கன்னத்திலிருந்து கற்கண்டை எடுத்தாள். முந்தானை நனைந்திருந்தது. எங்கே வைப்பதென்று அவள் பார்ப்பதற்குள், பத்மினி அம்மாள் ஒரு கையால் தன் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையை அவளிடம் நீட்டினார்.