கிறிஸ்தோபர் கட்டிக்கொண்ட கால்

ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் அவருடைய சப்பாத்துக்குள் கால்விட்டு நின்று பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்வார்களாம். அவருடைய இடத்தில் தன்னை வைத்து யோசிப்பதுதான் பொருள். உயர்தர வகுப்பில் படிக்கும் ரிஸ்னா இதை உரக்கப் படித்தபோது அவளுடைய வாப்பா முனீப் சிரித்தார்.

"ஒத்தக் கால்காரனுக்குச் சப்பாத்துக் கதையா மகள்?"

மூதூர் வயலில் அறுவடை மெஷின் அவருடைய வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு வருடம். செயற்கைக் கால் வீதியில் நன்றாகத்தான் நடந்தது. வயலில் இறங்கினால் சேறு அதைப் பிடித்துக்கொண்டு விடாது. இந்த விதைப்புக்கும் இறங்க ஏலாவிட்டால் வயலைக் குத்தகைக்கு விடுவதென்று முடிவெடுத்திருந்தார். கால் செய்தவன் சேற்றைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

செய்தவர் பாலையூற்று ஊர்க்காரர் கிறிஸ்தோபர். பதினெட்டு வருடமாகத் திருகோணமலையில் கால் செய்கிறவர், பேச்சுக் குறைவு. முனீப் நேரில் போய் ஏசியபோதும் அவர் சமாதானம் சொல்லவில்லை. வயல் எங்கே என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ்ஸேறி வந்தார். வரம்பில் உட்கார்ந்து, தன்னுடைய நல்ல வலக்காலை மடித்துத் தொடையோடு வார்போட்டுக் கட்டினார். மடித்த முழங்காலின் கீழே, முனீப்புக்குச் செய்தது போன்ற காலொன்றைப் பூட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

மூன்றாம் அடியில் விழுந்தார். எழும்பினார், மறுபடி விழுந்தார். வரம்பில் நின்றவர்களின் சிரிப்பு மெல்ல அடங்கியது. ஒருவருக்கும் தெரியாமல் தான் விழுந்த விழுகைகளை முனீப் இன்னொருவரின் உடம்பில் அன்றுதான் பார்த்தார்.

உச்சி வெயிலில் கிறிஸ்தோபர் கரையேறினார்.

"இப்ப என்ட கஷ்டம் வெளங்கிட்டா?" முனீப்பின் குரல் தணிந்திருந்தது.

"பாதம் எங்க பிடிபடுதெண்டு விளங்கிட்டுது, முனீப் நானா. உங்கட கஷ்டம் விளங்கினதெண்டு சொல்ல ஏலாது. நான் பின்னேரம் இதைக் கழட்டிப்போடுவன்."

ஆறுதலாக எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்தும் கடைசி அடியை எடுத்து வைக்கக் கூசிய மனிதரை முனீப் இதற்குமுன் கண்டதில்லை.

மூன்று வாரத்தில் புதுக் கால் வந்தது. அதன் பாதம் மாட்டுக் குளம்புபோல் இரண்டாகப் பிளந்திருந்தது; ஊன்றினால் விரியும், தூக்கினால் ஒடுங்கும். முனீப் இறங்கினார். எதிர் வரம்புக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் எடுத்தது. குத்தகைக்குக் கேட்டு வந்து காத்திருந்தவருக்கு, அங்கே நின்றபடியே, இல்லையென்று கையை அசைத்தார்.