கோக்கி என்று எழுதிய பலகை

காலை பதினொரு மணிக்கு இந்த ஊர் மாதாகோயில் மணி அடித்தால், வயலில் நிற்கிற பொம்பளைகளெல்லாம் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வீட்டைப் பார்க்க நடக்கிறார்கள். வந்த புதிதில் எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து நானும் பின்னாலேயே ஓடினேன். ஒன்றுமில்லை, உலை வைக்கப் போகிறார்களாம். ஆம்பளைகள் பன்னிரண்டு மணிக்கு வந்து உட்காரும்போது உருளைக்கிழங்கு வெந்திருக்க வேண்டும், அதற்காகத் தலைமுறை தலைமுறையாக இங்கே மணி அடிக்கிறார்கள். சமைக்கப் போ என்று சொல்ல ஒரு கோயில் மணி! நம் தோட்டத்தில் விடியுமுன் அடிக்கிற தப்பு மேளம் இதற்கு நேர் எதிர். அடுப்பை அணை, பிள்ளையைத் தூக்கு, ஆள் எண்ணிப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓடு என்று விரட்டுகிற சத்தம் அது. இத்தனை காலமாகியும் இங்கே பதினொரு மணிக்கு மணி அடித்தால் என் கால் வாசல் பக்கம்தான் போகிறது.

மலாயாவில், பேராக் பக்கம் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவள், பிறகு துரை பங்களாவில் ஆயா. எங்கள் துரை டென்மார்க்காரர், துரைசானி ஜெர்மன்காரி. ரப்பர் விலை விழுந்து பாதித் தோட்டம் காடாகப் போனபோது துரைக்கும் வேலை போயிற்று. துரைசானியின் அப்பா ஜெர்மனியில் இந்த ஊரில் படுத்த படுக்கையாக இருந்ததால் இங்கே வருவதென்று முடிவாயிற்று. இரண்டு குழந்தைகளும் என் இடுப்பை விட்டு இறங்காது, துரைக்கு எங்கள் வீட்டுக்காரர் வைக்கிற கறி இல்லாமல் சோறு இறங்காது. அதனால் நாங்களும் கப்பல் ஏறினோம். எனக்கு மனசே இல்லை. அவர்தான், "ஒரு வருசம்தானே, போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்லா. பனி எப்படி இருக்குன்னு நாக்குல வெச்சுப் பார்க்கணும்" என்றார். முதல் பனி விழுந்த அன்றைக்கு வெளியே போய் உண்மையாகவே ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "உப்புப் பத்தல" என்றார். அந்த மனுஷனோடு வாழ்ந்தால் சிரிக்காமல் இருக்க முடியாது.

ஊரைச் சொல்கிறேன். பேரைச் சொன்னால் உங்கள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், அதை விடுங்கள். ஒரு ஓடை, அதன் மேல் கல் பாலம், பாலத்தைத் தாண்டினால் மாதாகோயில், அதன் எதிரே லிண்டன் என்ற ஒரு பெரிய மரம். அந்த மரத்தடியில்தான் முற்காலத்தில் பஞ்சாயத்துக் கூடுமாம், திருவிழாவுக்கு இன்றும் அதைச் சுற்றித்தான் ஆடுகிறார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் ஊர்ப் பொது அடுப்பு ஒன்று, ஒரு சின்ன வீடு மாதிரி. ரொட்டி சுடும் நாளில் யார் முதலில் சுடுவது என்று சீட்டுக் குலுக்குகிறார்கள். முதலில் வருகிறவளுக்குத்தான் ஆறின அடுப்பைச் சூடாக்க விறகு அதிகம் செலவாகும், அதற்காக. நம் லயத்து வரிசை வீடுகளின் பொதுக் குழாயடியில் இப்படிச் சீட்டுக் குலுக்கியிருந்தால் எத்தனை குடம் உடையாமல் தப்பியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மலை மேல் ஒரு கோட்டை. கோட்டை என்ன, அரைச் சுவர். வரி தாங்காமல் குடியானவர்கள் கூடிக் கொளுத்திவிட்டார்களாம், எத்தனையோ தலைமுறைக்கு முன்னால். துரைசானி அந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் எங்கள் வீட்டுக்காரர் என் காதில், "இங்கயும் பங்களாவை மேட்டுலதான் கட்டியிருக்கான் பாத்தியா" என்றார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு அதிசயம் வீட்டு வாசல்கள்தான். ஒவ்வொரு வாசலுக்கு மேலும் உத்தரத்தில் எழுத்து செதுக்கியிருக்கிறது. அந்த வீட்டைக் கட்டினவன் பேர், பக்கத்திலேயே அவன் பெண்டாட்டி பேர். செத்து இருநூறு வருஷம் ஆனவர்கள்கூட ஜோடியாக நிற்கிறார்கள். முதலில் பார்த்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம் தோட்டத்தில் எதில் பேர் இருக்கிறது? எங்கள் லயம் எழும்புமுன் அந்த இடம் புலி உலாவின காடு. அந்தக் காட்டை வெட்டினவர்கள் யார், முதலில் காய்ச்சலில் போனவன் யார், வேப்பமரம் கிடைக்காமல் ஒரு ரப்பர் மரத்தடியிலேயே கல் நட்டு மாரியம்மா என்று கும்பிட்டவள் யார் என்று கேட்டால், "அவருதான், நம்ம இவரோட அப்பா" என்பார்கள். அதற்கு மேல் கிடையாது. நமக்கும் சரித்திரம் உண்டு, வாசலில் எழுதத்தான் வாசல் நமக்குச் சொந்தமில்லை.

பேர் என்றதும் என் கதைக்கு வந்தாக வேண்டும். புருஷன் பேரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். உங்களில் பலரையும் அப்படித்தான் வளர்த்திருப்பார்கள். எனக்குக் கூடுதல் கஷ்டம், அவர் பேர் சாமி பேரும்கூட. ஒரு தைப்பூசத்துக்கு ஈப்போ குகைக் கோயிலுக்குப் போயிருந்தோம். காவடிக்குப் பின்னால் அத்தனை சனமும் முழங்குகிறது. அந்த முழக்கத்திலேயே அவர் பேரில் பாதி இருக்கிறதே, நான் எப்படிச் சொல்வேன்? வாயை மூடிக்கொண்டு கைதட்டினேன். அவர் தங்கச்சி விடவில்லை. "அண்ணி, சாமி கோவிச்சுக்கப் போவுது, ஒருவாட்டி சொல்லுங்களேன்" என்று இடுப்பில் குத்திக்கொண்டே வந்தாள். அவர் திரும்பிப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான், பங்களா அடுப்பங்கரையில் கரித்துண்டை வைத்து. எல்லாம் எழுதினேன், அவர் பேரை மட்டும் எழுதமாட்டேன் என்று கரியைக் கீழே போட்டுவிட்டேன்.

அந்தப் பேர் எனக்குக் கிடைக்காமலும் இல்லை. கல்யாணமான புதிதில் இரண்டு பேருமே பால்மரத்து ஆட்கள். விடியற்காலை பெரட்டில் ஆம்பளைகள் ஒரு வரிசை, நாங்கள் ஒரு வரிசை. கங்காணி லாந்தரைத் தூக்கிப் பிடித்துக் கூப்பிட்டுக்கொண்டே வருவார். அவர் பேர் வந்ததும், "இருக்கேங்க" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும். என் அன்றைய நாள் அங்கேதான் தொடங்கும். பிறகு மாமியார் கூப்பிடுவார், கூட்டாளிகள் கள்ளுக்கடையிலிருந்து கூப்பிடுவார்கள், கடன்காரச் சீனன்கூட வாசலில் நின்று கூப்பிடுவான். ஊரே சொல்லும்போது நான் ஒருத்தி சொல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

இங்கே வந்தபின் அந்தப் பேரைச் சொல்ல ஒரு வாய் இல்லை. துரை வீட்டில் அவர் கோக்கி. மலாய்க்காரர்கள் சமையல்காரரைக் கூப்பிடுகிற அதே பேர். பொது அடுப்படிப் பொம்பளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவர் மாவைத் தட்டி அடுப்புச் சுவரில் ஒட்டி ரொட்டி சுட்ட அன்று ஊர்க் குழந்தைகளெல்லாம் "கோக்கி, கோக்கி" என்று சுற்றிக்கொண்டன. அவரும் அது தன் பேர்தான் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஏனோ உறுத்தியது.

அடுப்படியில் எனக்குக் கிடைத்த சிநேகிதி லேனா. என்னைவிட மூத்தவள் என்பதால் லேனாக்கா என்றுதான் கூப்பிடுவேன், அதை எங்கள் ஊரில் அவள் பேரைச் சொல்கிற விதம் என்று நினைத்துக்கொண்டாள். முதல் நாள் வேலியோரம் நின்று ஏதோ கேட்டாள். சரி என்பதற்கு நாம் ஆட்டுகிற மாதிரி தலையை ஆட்டினேன். அவள் கொண்டுவந்த ஆப்பிள் பழத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு கோபமாகப் போய்விட்டாள். துரைசானி வந்து விளக்கினபிறகுதான் பழம் மறுபடி வந்தது. யுத்தத்தில் செத்தவர்களுக்காக மாதாகோயில் வாசலில் புதிதாக ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அதில் மூன்றாவதாக இருக்கிற பேர் அவள் மகனுடையது. அவன் எங்கே புதைந்தான் என்று யாருக்கும் தெரியாது. ஊர்ப் பெரிய மணியையும் அந்த யுத்தத்தில்தான் பீரங்கி வார்க்க இறக்கிக்கொண்டு போனார்களாம், இப்போது அடிப்பது புதிதாக வந்த இரும்பு மணி. "மணிக்குப் பதில் மணி வந்துவிட்டது" என்று ஒருநாள் சொல்லிவிட்டு மாவைப் பிசைந்தாள். தினமும் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று அவன் பேரை வாய்விட்டு ஒருதரம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

போன மாசி மாதம் எங்கள் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சளி கட்டியது. மிளகுக் கஷாயம் கேட்கவில்லை, டாக்டரும் வந்து பார்த்தார். ஒரு வாரம்தான். கடைசியில், "சுங்காயில இப்ப மழையா இருக்கும்ல" என்றார், அவ்வளவுதான். துரை அப்போது வேலை விஷயமாகக் கோப்பன்ஹேகன் போயிருந்தார். எங்கள் பேர் எழுதின காகிதங்களும் அவரோடு போயிருந்தன. பாதிரியார் நல்லவர், வேற்றுச் சாமி கும்பிட்டவர் என்று பாராமல் கல்லறைச் சுவரோரம் ஓர் இடம் கொடுத்தார். மரப்பலகை நடவேண்டும், பேர் என்ன என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் பேச முடியவில்லை போல என்று நினைத்து அவர் துரைசானியைப் பார்த்தார். துரைசானி என்னைப் பார்த்தார். குழந்தைதான், "கோக்கி" என்றது. பலகையில் அப்படியே எழுதிவிட்டார்கள். துரை திரும்பி வந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். துரைக்கும் இவர் கோக்கிதானே.

இப்போது ரப்பர் விலை ஏறிவிட்டது. பழைய தோட்டமே துரையைக் கூப்பிடுகிறது, தை பிறந்ததும் கப்பல். சுங்காய்க்குப் போகப்போகிறோம் என்று கேட்டதும் சந்தோஷத்தில் அழுதேன். மறுநிமிஷம் வேறு அழுகை வந்தது. அவரை இந்தக் குளிருக்குள் எப்படி விட்டுவிட்டுப் போவேன்? அதுவும் யாரென்றே தெரியாமல், ஒரு வேலைக்காரப் பேரோடு. போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். லேனாக்காவிடம் சொன்னேன். "நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன். என் மகனுக்கென்று பார்த்துக்கொள்ள எனக்கு ஒரு குழிகூட இல்லையே" என்றாள். பிறகு, "ஆனால் அவன் பேர் என்ன? கோக்கி என்பது வேலை. வேலையைக் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?" என்று கேட்டாள்.

எங்கள் வழக்கத்தைத் தெரிந்த ஜெர்மனில் திக்கித் திணறிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ஆயுசு குறையும் என்றுதானே சொல்லவில்லை. இனிமேல் எதைக் குறைக்கப் போகிறாய்?" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் கேட்டது சரிதான், அதனால்தான் கோபம். சொல்லிவிட்டால் அவர் செத்தது நிஜமாகிவிடும். சொல்லாதவரைக்கும் என் மனசில் எங்கோ ஒரு மூலையில் அவர் ஆயுசைக் காத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிறு இவர்களுக்கு இறந்தவர்களின் ஞாயிறு. அந்த வருஷம் போனவர்கள் பேரையெல்லாம் பாதிரியார் வாசிப்பார், ஒவ்வொரு பேருக்கும் மணி ஒருதரம். துரைசானியோடு பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கிழவர், ஒரு கைக்குழந்தை, ஆலைக்காரர் மனைவி என்று வாசித்து வந்தார். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் தலை குனிந்தது. அப்புறம், "கோக்கி" என்றார். யார் தலையும் குனியவில்லை, என் தலையும்தான். அது யாரையோ சொன்னதுபோல இருந்தது. பெரட்டில் நிற்கிற ஆளைக் கூப்பிடாமல் தாண்டிப் போனால் அன்றைக்கு அவன் ஆளே இல்லை, தெரியுமல்லவா? மணி அடிக்குமுன் எழுந்து நின்றுவிட்டேன்.

"வேலாயுதம்" என்றேன்.

பாதிரியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மறுபடி சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினார். சொன்னேன். இரண்டாம் தரம் அத்தனை கஷ்டமாயில்லை. அவர் தன் வாயில் வந்தமட்டும் அதைச் சொன்னார், மணி அடித்தது. முன்பெஞ்சில் லேனாக்காவின் தலை குனிந்தது. நான் உட்கார்ந்து, அவர் போனபின் அழாத அழுகையெல்லாம் அழுதேன்.

புதுப் பலகை தச்சரிடம் இருக்கிறது. நான் கப்பல் ஏறினபிறகும் லேனாக்கா தன் மகன் பேரைச் சொல்லிவிட்டு அப்படியே சுவரோரம் போய் இவர் பேரையும் சொல்வாள். எனக்கும் வழக்கமாகிவிட்டது. தினமும் சாயங்காலம் போய், பக்கத்தில் ஆளில்லாதபோது கூப்பிட்டுப் பார்க்கிறேன். கட்டின நாளிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் இந்தச் சில வாரத்தில் செலவழிக்கிறேன். சுங்காயில் இறங்கியதும் என் வாய் மூடிக்கொள்ளும், எனக்குத் தெரியும். அங்கே சொல்ல அவர் அம்மா இருக்கிறார், தங்கச்சி இருக்கிறாள், கூட்டாளிகள் இருக்கிறார்கள். அங்கே நான் மறுபடியும் எங்கள் வீட்டுக்காரர் என்றுதான் சொல்வேன். இந்தப் பனிக்கட்டி ஊரில் மட்டும்தான் அவர் எனக்கு வேலாயுதம்.