நாற்றமில்லாத கொட்டகை

முதல் நாள் அந்தக் கோழிக்குஞ்சுக் கொட்டகைக்குள் காலெடுத்து வைத்ததும் பிலோமிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. மரத்தூளும் எச்சமும் ஊறிப் புளித்த நெடி மூக்கில் ஊசியாய் ஏறியது. வெளியே ஓடிவந்து செடி ஓரமாக வாந்தி எடுத்தாள். அவளைக் கூட்டி வந்த ஹன்னா, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

“பழகிரும் பிலோமி. மொதல்ல எல்லாத்துக்கும் அப்படித்தான்,” என்றாள். ஹன்னா ஒருநாளும் அந்த வாசலைத் தாண்டிப் போனதில்லை.

ஹன்னா பிலோமிக்கு ஓரகத்தி, கணவனுடைய அண்ணனின் மனைவி. பிலோமியின் கணவன் அம்புரோஸ் குன்னூரில் ஒரு பேக்கரியில் வர்க்கி ரொட்டி சுடுகிறவன். அடுப்படியில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன் எழவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு பிலோமியும் மகள் ஸ்டெபியும் அம்புரோஸின் அண்ணன் ராஜரத்தினத்தின் வீட்டுக்கு வந்தார்கள். ராஜரத்தினம் குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிக்கட்டியில் வீடும் கொஞ்சம் நிலமும் உண்டு. ஸ்டெபியை அவர் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கச் சேர்த்துவிட்டார். அதைக் கோயிலில் எல்லாரிடமும் சொன்னார். பிலோமியிடம் மட்டும் வேறு விதமாகச் சொன்னார்.

“புள்ளைய நான் படிக்க வெக்கறேன். நீ கொட்டகையப் பாத்துக்கோ. சும்மா சோறு தின்னா உனக்கே சங்கடமா இருக்குமில்ல?”

கீழ்நாட்டிலிருந்து ஒருநாள் வயதுக் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து, மலைக் குளிரைத் தாங்குமளவுக்கு வளர்த்து, வீடுகளில் கோழி வளர்ப்பவர்களுக்கு விற்பது அவர் தொழில். தரையில் பலகைகளை நிறுத்தி அடைத்து, மரத்தூளைப் பரப்பி, மேலே குண்டு பல்புகளைத் தொங்கவிட்டிருந்தார். மூடுபனி இறங்கிவிட்டால் மரத்தூள் காயவே காயாது. ஈரத்தில் ரத்தக் கழிச்சல் வந்து குஞ்சுகள் சாகும். குளிருக்குப் பயந்து மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் மாட்டினது மூச்சு முட்டிச் சாகும். காலையில் பிலோமி மண்டி போட்டு உள்ளே தவழ்ந்து செத்ததைப் பொறுக்க வேண்டும். பலகை இடுக்கில் சிமெண்ட் போல இறுகிய எச்சத்தைச் சுரண்ட வேண்டும். அவள் முழங்கால் புண்ணாகிக் காய்ப்பேறியது. நகக்கண்கள் வெடித்தன. சோப்புப் போட்டு எத்தனை முறை குளித்தாலும், அவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை ஹன்னா ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள்.

அப்படி ஒருமுறை துடைக்கும்போது பிலோமி கதவோரம் நின்று பார்த்துவிட்டாள். அன்றைக்குத்தான், இந்த நாற்றத்தை ஒழித்துக்கட்டாமல் விடுவதில்லை என்று நினைத்தாள்.

குன்னூர் பேக்கரியில் வர்க்கித் தட்டுகளை அவள் கழுவிக் கொடுத்ததுண்டு. சட்டத்தில் அடுக்கடுக்காய்ச் செருகிய தட்டை ஒரு இழுப்பில் உருவலாம், கழுவலாம், திரும்பச் செருகலாம். குஞ்சுகளுக்கும் அப்படி ஏன் செய்யக்கூடாது? கம்பிவலைத் தரை. எச்சம் வலை வழியே கீழே விழும். கீழே தகரத் தட்டு. குனியாமல், தவழாமல், நின்றபடியே உருவி எடுத்துவிடலாம். மஞ்சூரில் பட்டறை வைத்திருக்கும் பெனிஸிடம் போய்ச் சொன்னாள். அவன் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து பார்த்தான்.

“மூலையே வேண்டாங்க பெனிஸு. தகரத்த வளைச்சு உருண்டையா விட்டுருங்க. மூலை இருந்தாத்தான் ஏறிச் சாகுது, அழுக்கும் அங்கதான் ஒட்டுது.”

“முன்பக்கம் எப்படிங்க்கா?”

“மொத்தமாக் கீழ எறங்கணும். கையி கடைசி வரைக்கும் எட்டணும். தண்ணிய வெளிப்பக்கம் மாட்டுங்க, தலைய மட்டும் நீட்டிக் குடிக்கட்டும்.”

முதல் கூண்டு சரியாக வரவில்லை. வலைக்கண் அகலமாகப் போனது. விடிந்து பார்த்தால் குஞ்சுகளின் கால்கள் வலையில் சிக்கி, இழுத்த இழுப்பில் ஒடிந்து தொங்கின. கீச்சுக் கீச்சென்று கொட்டகையே கதறியது. ராஜரத்தினம் வந்து பார்த்தார்.

“உன்ற மூளை, உன்ற கையி. காலொடிஞ்சதெல்லாம் நீயே திருகிப் போடு.”

அவள் ஒவ்வொன்றாய் எடுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்தக் கழுத்து நூல் மாதிரி இருந்தது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு கடைசிக் குஞ்சு வரை நின்று பார்த்தார்.

இரண்டாவது கூண்டுக்குப் பொடிக்கண் வலை போட்டாள். முதல் வாரம் மட்டும் கால் வழுக்காமல் வலைமேல் சாக்கை விரித்தாள். சாவு குறைந்தது. பிறகு நின்றே போனது என்று சொல்லலாம். ராஜரத்தினம் வரிசையாகக் கூண்டுகளை அடிக்கச் சொன்னார். காலையில் தட்டுகளை உருவி, குழாயடியில் பீய்ச்சிக் கழுவி, சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்துச் செருகிவிட்டால் வேலை முடிந்தது. கொட்டகையில் தவிட்டு வாசமும் பல்பு வெதுவெதுப்பும் மட்டும் மிஞ்சின. ஊர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள். கால்நடை டாக்டரும் வந்தார். ராஜரத்தினம் ஒரு தட்டை உருவிக் காட்டி, “நம்ம ஐடியாதானுங்க,” என்றார். பிலோமி அவர்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

ஹன்னாவும் அன்று முதன்முறையாக உள்ளே வந்தாள். மூக்கைப் பொத்தவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அட, நாத்தமே இல்லியே! நம்ம ஊட்டு ஹாலவிடச் சுத்தமா இருக்குது,” என்றாள்.

பிலோமிக்கு மனம் குளிர்ந்து போனது. இத்தனை நாளில் ஹன்னா அவளைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

அடுத்த மாதம் ராஜரத்தினத்தின் மகன் ரெனிஷுக்குக் கல்யாணம். மருமகளுக்கு அறை வேண்டும். மிச்சம் இருந்தது பிலோமி படுக்கிற அறை மட்டும்தான். ஹன்னா பேச்சை எடுத்தாள்.

“பிலோமி, கொட்டகை மூலைல கட்டில் போட்டுத் தரச் சொல்லிட்டேன். இப்பத்தான் நாத்தமில்லியே. பல்பு சூட்டுல குளிரே தெரியாது. எங்களுக்குத்தான் இங்க நடுங்குது.”

பிலோமி ராஜரத்தினத்தைப் பார்த்தாள். “மாமா...”

“அதுல என்ன? குஞ்சுகளுக்கும் தொணையாச்சு,” என்றார் அவர், சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளுடைய தகரப்பெட்டியும் கம்பளியும் கொட்டகைக்குப் போயின. தன் கையாலேயே தன்னை வெளியே தள்ளிக்கொண்டோம் என்று அவளுக்குப் பட்டது. பழைய நாற்றம் இருந்திருந்தால் யாருக்கு இந்த யோசனை வந்திருக்கும்? பார்க்க வருகிறவர்களிடம் ராஜரத்தினம் கட்டிலைக் காட்டி, “அவளுக்குக் குஞ்சுன்னா உசிருங்க. ஊட்டுக்குள்ள வான்னாலும் வரமாட்டீங்கறா,” என்பார். அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஆடிக் காற்றில் ஒரு நாள் காலையிலிருந்தே மழை சாய்ந்து அடித்தது. மரங்கள் கம்பிகளின்மேல் விழுந்து மின்சாரம் போனது. மலையிலிருந்து நாட்டுக்கெல்லாம் மின்சாரம் போகிறது. பிக்கட்டியில் ஒரு பல்பு எரியவில்லை. ராஜரத்தினம் இரும்புச் சட்டிகளில் கரியைப் போட்டுத் தணலாக்கி, கூண்டுகளுக்கு நடுவே வைக்கச் சொன்னார். ஜன்னல்களைச் சாக்கால் அடைத்தார்.

“கதவையும் சாத்திக்கோ. சூடு வெளிய போச்சுன்னா குஞ்சு போச்சு. நீ எங்கயும் நகரக் கூடாது.”

மத்தியானம் அவளுக்குத் தலை கனத்தது. வயிற்றைப் புரட்டியது. கூண்டுக்குள் குஞ்சுகள் அலகைத் திறந்து திறந்து மூடின. தட்டை உருவப் போனவளுக்குக் கை சொன்னபடி கேட்கவில்லை. கரிப்புகையில் படுத்து எழாமல் போனவர்களைப் பற்றி மலையில் கேள்விப்படாதவர் கிடையாது. சுவரைப் பிடித்து நடந்து, விழுந்து, தவழ்ந்து கதவைத் திறந்தாள். சாக்குகளைப் பிய்த்து எறிந்தாள். மழை உள்ளே அறைந்தது. வாசலோரச் சட்டிகள் சீறி அணைந்தன. அவள் படியில் கவிழ்ந்து கிடந்து, தண்ணீரோடு காற்றை விழுங்கினாள்.

எழுந்து போய்க் கதவைச் சாத்துவதற்குள், வாசலை ஒட்டிய கூண்டுகளில் நனைந்த குஞ்சுகள் விறைத்துவிட்டன.

“யாரு கதவத் தொறந்தது?” ராஜரத்தினம் குடையோடு நின்றார்.

“நான்தானுங்க மாமா. செத்திருப்பேனுங்க.”

அவர் கூண்டுகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “ஒருத்தி உசுருக்கு இத்தன குஞ்சா?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் பிலோமிக்கு ஆறவில்லை. ஹன்னா, “தலைவலி யாருக்குத்தான் வர்றதில்ல,” என்றாள். செத்ததைச் சாக்கில் அள்ளிப் புதைக்கும் வேலையும் பிலோமியின் தலையில்தான் விழுந்தது. மறுநாள் அவர் ஜன்னல்களுக்கு ஆணி அடித்தார்.

ஸ்டெபிக்கு ஃபோன் செய்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். மகள், “நான் படிச்சு முடிக்கற வரைக்கும் பொறுத்துக்கம்மா. பெரியப்பா ஃபீஸ நிறுத்திட்டா நான் என்ன பண்ணுவேன்?” என்றாள். “அங்க படுக்கறேன்னு யார்கிட்டயும் சொல்லாதம்மா. ஃப்ரெண்ட்ஸுக்குத் தெரிஞ்சா அசிங்கம்.”

பிலோமி பொறுத்தாள். மின்சாரம் போகும்போதெல்லாம் கரிச்சட்டிகளை உள்ளே வைத்துவிட்டு, மழையானாலும் பனியானாலும் வெளியே படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். இருமல் நெஞ்சில் குடியேறியது.

ஸ்டெபி வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்று சொன்ன வாரமே பிலோமி பெட்டியைக் கட்டினாள். அன்று காலைதான் புதுக் குஞ்சுகள் வந்து இறங்கியிருந்தன. ராஜரத்தினம் வழியை மறித்தார்.

“இப்பப் போறேங்கறயே, தட்டையெல்லாம் யாரு உருவுவா?”

“யாரு வேணா உருவலாமுங்க மாமா. அப்படித்தானுங்களே செஞ்சது.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரைச் சுற்றி நடந்தாள். பஸ் ஏறிவிட்டாள். மகளோடு போய் இருக்கலாம் என்று நினைத்திருந்தாள். ஹாஸ்டலில் வெளி ஆட்களைச் சேர்க்க மாட்டார்கள் என்றாள் ஸ்டெபி. பிலோமி வெலிங்டனில் ஒரு வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தாள். ஸ்டெபி கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை வந்து, கேக்கும் இருமலுக்கு மருந்தும் கொடுத்துவிட்டு, மாலை பஸ்ஸிலேயே திரும்பினாள்.

பெனிஸைக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, கூண்டுக்கு ஆர்டர் மேல் ஆர்டர் வருவதாகச் சொன்னான். “ராஜரத்தினம் கூண்டுன்னுதாங்க்கா கேட்டு வாங்கறாங்க.” கொட்டகைக்கு இப்போது சின்னம்மை என்றொரு அம்மா வந்திருப்பதையும், அங்கேயே படுத்துக்கொள்வதையும் அவன்தான் சொன்னான்.

பிலோமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிக்கட்டி பஸ் ஏறினாள். ராஜரத்தினத்தின் வீட்டார் கோயிலிலிருந்து திரும்பியிருக்கவில்லை. சின்னம்மை குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். சிலோனிலிருந்து வந்து எஸ்டேட்டில் கொழுந்தெடுத்து, உடம்பு ஓய்ந்தவள். பிலோமி தான் யாரென்று சொல்லி, கரிப்புகையைப் பற்றியும், ஆணியடித்த ஜன்னல்களைப் பற்றியும், தான் படியில் விழுந்து கிடந்ததைப் பற்றியும் சொன்னாள்.

“கரண்டு போனா உள்ள இருக்காதீங்க. கதவத் தொறந்து வெச்சுட்டு வெளிய வந்துருங்க.”

சின்னம்மை தட்டைக் கவிழ்த்து வடியவிட்டாள்.

“கதவு தொறக்கக் கூடாதுன்னு ஐயா சொல்லியிருக்காருங்களே. எங்க லயத்து வீட்டுல கூரை ஒழுகி, கால் நீட்ட எடமில்லைங்க. மருமகப்புள்ள தெனமும் நீ எப்பப் போறேங்கறான். இது சூடா இருக்கு, நாத்தமில்ல. எனக்கு இது போதுமுங்க.”

சொல்லிவிட்டு, அடுத்த தட்டை உருவ உள்ளே போனாள்.

கோயிலுக்குப் போன ஜீப் திரும்பி மேடேறும் சத்தம் கேட்டது. பிலோமி சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினாள். இருமல் வந்தது. ஜீப் தாண்டிப் போகும்வரை வாயைப் பொத்திக்கொண்டு தேயிலைக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.