நான் பிடுங்கிய ஒயர்

திருப்பாலைவனத்தில் நாங்கள் புதிதாக வாங்கிய வீட்டின் முன்னறைச் சுவரில், தரையிலிருந்து முழ உயரத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அடித்த பச்சைப் பெயிண்டை அதன் மேலும் இழுத்து அடித்திருந்தார்கள். ஏதோ பழைய ஸ்விட்ச் என்று நினைத்துக் குடிவந்த ஒரு வாரம் அதைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். இன்டர்நெட் போட வேண்டும், சுவரில் ஏதாவது இருக்கிறதா பார் என்று சென்னையிலிருந்து மகன் கேட்ட பிறகுதான் கீழே உட்கார்ந்து பார்த்தேன். கத்தி முனையால் சுரண்டியதும் பெயிண்டுக்கு அடியில் சதுரமாக ஓர் ஓட்டை தெரிந்தது. டெலிபோன் ஒயர் மாட்டுகிற ஓட்டை. அதை எனக்கு யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

"அதுல லைன் இருக்குதா, எந்தக் கம்பெனின்னு தெரிஞ்சா போதும்மா. பழைய போன் இருந்தா மாட்டிப் பாரு. டோன் வந்தா எனக்கு அடி. என் செல்லுல வுழற நம்பரைப் பாத்துச் சொல்லிடுவேன்" என்றான் மகன். வீட்டை விற்றவர் வெளிநாட்டில் இருக்கிறார், புரோக்கருக்கோ ஒன்றும் தெரியவில்லை. பழைய போன் என்னிடம் இருந்தது. என் மாமனாருடையது. அவர் போன பிறகு பிள்ளைகள் கத்தி, வலை, குண்டான் வரை பங்கு போட்டுக்கொண்டபோது அந்தப் போனை மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் எடுத்து டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டு வைத்தேன்.

ஏரிக்கரையில் எங்கள் குப்பம் முழுவதற்கும் ஒரு காலத்தில் அது ஒன்றுதான் போன். மாமனார் ஊர் நாட்டாமை. ஆனால் அந்தப் போனை அவர் தனக்கென்று வைத்துக்கொண்டதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். யாருக்கு அழைப்பு வந்தாலும் அரை மணி கழித்து அடிக்கச் சொல்லிவிட்டு, சட்டைகூடப் போடாமல் கரைக்கு ஓடுவார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இறால் தடவுகிறவர்களைப் பார்த்துத் துண்டை வீசுவார். இடப்பக்கம் வீசினால் இன்னார் வீடு, வலப்பக்கம் என்றால் இன்னார் என்று கணக்கு உண்டு. நான் சுண்ணாம்புக்குளத்திலிருந்து வாழ வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை என் அம்மா பூத்திலிருந்து பேசும்போதெல்லாம், நான் தாராளமாக அழட்டும் என்று எழுந்து வெளியே போய்விடுவார். இப்படி ஒரு மனிதரா என்று உருகியிருக்கிறேன். அந்த நினைப்பை அவரே கெடுத்தார். நானும் கூட இருந்து கெடுத்தேன்.

எங்கள் ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த இடம் எந்த நாளில் யாருக்கு என்று சீட்டு எடுத்து முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். மூன்றாம் வீட்டு அக்காவின் புருஷன் நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாகப் படுத்து இரண்டு பாடு விட்டுவிட்டார். கொஞ்சம் எழுந்து நடமாடியதும், போன பாடு எனக்குத் திரும்பி வருமா என்று கேட்டுவிட்டு, அடுத்தவருக்கு விழுந்த இடத்தில் போய் வலையைப் போட்டார். ஊர் கூடியது. சபையில் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். அவர் விழவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஊர்க்கட்டு. யாரும் பேசக்கூடாது, தண்ணீர் நெருப்பு கொடுக்கக்கூடாது. போனும் கிடையாது. கட்டைச் சொன்ன வாய் என் மாமனாருடையது.

அக்கா எனக்கு என்ன முறை என்று கேட்டால் ஒன்றுமில்லை. ஆனால் என் முதல் பிரசவத்தில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் அவள். கட்டு விழுந்த பிறகு எதிரே வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் புருஷனுக்கு மறுபடியும் முடியாமல் போய், அவளுடைய தம்பி வந்து சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். குழந்தைகளோடு அவள் இங்கேயே இருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன். அந்தத் தம்பிதான். "அக்காவை ஒடனே பஸ் ஏத்தி வுடுங்க. மாமா அவளைத்தான் கேட்டுக்கினே கீறாரு" என்றான். ரிசீவரைப் பொத்திக்கொண்டு மாமனாரிடம் சொன்னேன். சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "ராங் நம்பர்னு சொல்லிட்டு வச்சுடு" என்றார். சொன்னேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறை அடித்தபோது, "இன்னா பாத்துக்கினு நிக்கிற? ஒயரைப் புடுங்கு" என்றார். பிடுங்கினேன். மூன்றாம் வீட்டு வாசலில் அக்கா கருவாடு திருப்பிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பத்தடி நடந்து போய்ச் சொல்ல எனக்குக் கால் இருந்தது. போகவில்லை.

மறுநாள் வேனில் உடம்பு வந்தது. பிணம் விழுந்த வீட்டுக்குக் கட்டு கிடையாதாம். ஊரே திரண்டது. மாமனார் முன்னால் நின்று எல்லாம் செய்தார், தோளும் கொடுத்தார். காரியம் முடிந்து நான் தண்ணீர்க் குடத்தோடு போனபோது, அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்க ஊட்டு போனு கெட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டாள். ராங் நம்பர் என்று சொன்ன குரல் யாருடையது என்று தம்பி அவளிடம் சொல்லியிருப்பான். உண்மையைச் சொல்ல அவள் எனக்கு ஒரு வழி விட்டாள். நான், "ஆமாக்கா" என்றேன்.

மாமனாருக்கும் காலம் வந்தது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். நல்ல சாவு என்றார்கள்.

புது வீட்டில் அந்தப் போனை மாட்டினேன். டக்கென்று உட்கார்ந்தது. காதில் வைத்தேன், டோன் வந்தது. மகனுக்குத்தான் அடித்திருக்க வேண்டும். அக்கா இப்போது சுண்ணாம்புக்குளத்தில் மகளோடு இருக்கிறாள். ஒரு கல்யாணத்தில் அந்த மகள் கொடுத்த அக்காவின் எண் இரண்டு வருஷமாக என் செல்லில் கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன்.

"அலோ, யாரு?" குரல் தளர்ந்திருந்தாலும் அவள்தான்.

"நாட்டாமை ஊட்டு மருமவ பேசுறேன்க்கா. அன்னிக்குப் போனு கெட்டுப்போவல. நான்தான் ஒயரைப் புடுங்கனேன்."

கோபமே இல்லாத குரலில், "ராங் நம்பரும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதன் பிறகு மகனுக்கு அடித்தேன். நம்பரைப் பார்த்துக் கம்பெனி பெயரைச் சொன்னான். இன்டர்நெட்டுக்கு வேறு கம்பெனிதான் சரிப்படும், இந்த லைனை வெட்டிவிடலாம் என்றான். வேண்டாம், என் பெயருக்கு மாற்றிக் கொடு என்றேன். இந்தப் போனின் எண் அக்காவின் போனில் விழுந்திருக்கும். பச்சைப் பெயிண்டு சுரண்டிய அந்தப் பெட்டியில் ஒயர் மாட்டியபடியே இருக்கிறது. பெருக்கும்போது கூட நான் அதை அசைப்பதில்லை. நான்கு மாதமாகிறது. போன் இன்னும் ஒரு தடவைகூட அடிக்கவில்லை.