ஏலத்தோல் தலையணைகள்

போடிநாயக்கனூரில் ஏலக்காயின் மணத்தை வியந்து பேசுபவர்கள் வெளியூரார்தாம். கிடங்குகளின் நடுவே வாழும் எங்களுக்கு அது காற்றோடு காற்றாய்க் கலந்துபோன ஒன்று. அதனால் நேர்ந்த ஒரு காலத்தாழ்வை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு இன்னும் கனக்கிறது.

பணி ஓய்வுக்குப் பின், எங்கள் தெருப் பெண்களின் கைவினைக் குழுவுக்கு எழுத்து வேலைகளில் துணைநின்று வந்தேன். பகலில் கிடங்குகளில் காய்களைத் தரம் பிரித்துவிட்டு, மாலையில் ஒரு கொட்டகையில் கூடித் தைப்பவர்கள் அவர்கள். குழுவின் தலைவி முன்னாளில் மலைத்தோட்டத்தில் காய் பறித்தவர். அவரோடு ஒரே ஜீப்பில் மலையேறிய தோழி ஒருவர், மழைநாளொன்றில் சரிவில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு முறிந்தார். பார்த்துக்கொள்ள ஆளில்லாமையால், ஊருக்கு வெளியே இருந்த ஓர் அறக்கொடை இல்லத்தில் அவரைச் சேர்த்திருந்தார்கள். கிடந்த கிடையில் முதுகெங்கும் புண். காற்றடைத்த மெத்தை இருந்தால் வலி தணியும் என்றார் அங்கிருந்த செவிலி. இல்லத்துக்கோ அன்றாடச் சோற்றைத் தாண்டி எதற்கும் வழியில்லை.

அந்த மெத்தையைத் தங்கள் தையலால் ஈட்டித் தருவதென்று குழு முடிவு செய்தது. கைவினைக் குழுக்களுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்று சிறுநல்கை வழங்கியது. அதில் ஒரு தையல் எந்திரமும், துணியும், இலவம்பஞ்சும் வந்தன. காயை உடைத்து உள்ளிருக்கும் ஏலரிசியை எடுத்தபின் கிடங்கில் எஞ்சும் தோலைப் பஞ்சோடு கலந்து மணத் தலையணை செய்யலாம் என்பது தலைவியின் எண்ணம். மதுரையில் ஒரு கடைக்காரர் வாங்கி விற்க இசைந்தார்.

தலையணைகள் அழகாகவே அமைந்தன. ஒருத்தி தைத்ததை இன்னொருத்தி முகர்ந்து பார்ப்பாள். "மணமே வரலையே அக்கா, இன்னும் ஒரு கை அள்ளிப் போடு" என்பாள். அவளும் போடுவாள். நாளெல்லாம் ஏலத்தில் ஊறிய மூக்குகள் அவை. அந்தத் தலையணைகள் எவ்வளவு மணந்தன என்பது, அந்தக் கொட்டகையிலிருந்த எவர்க்கும் தெரியவில்லை.

சில நாள்களில் கடைக்காரர் அழைத்தார். படுத்தவர்கள் உறங்க முடியாமல் திருப்பித் தந்துவிட்டார்களாம். "ஒங்க தலையணையோட தலைவலி மாத்திரையும் சேத்துல்லம்மா விக்கணும் போலருக்கு" என்றார். தலைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூட்டைகள் பேருந்தில் திரும்பி வந்தபோது எவரும் சிரிக்கவில்லை.

துணி தீர்ந்திருந்தது. மறுநல்கைக்கு எழுதிக் கேட்டேன். அடுத்த சுற்றில் கருதுவதாகக் கனிவோடு விடை வந்தது. அடுத்த சுற்றோ மறு ஆண்டில். எனவே இருந்த துணியையே காப்பாற்ற வேண்டியதாயிற்று. துணி கிழியாமல் தையலைப் பிரித்து, பஞ்சில் ஒட்டிய தோலைச் சிறுகச் சிறுக விலக்கி, உறைகளைத் துவைத்தார்கள். மழைக்காலம்; உறைகள் காயவே மறுத்தன. சிறுநல்கை சிறிதென்று நான் குறைகூறவில்லை. அஃதின்றேல் அந்தக் கொட்டகையில் ஓர் எந்திரமும் ஓடியிராது. ஆனால் ஒருமுறை தவறித் திருந்துவதற்கு அதில் இடமில்லை.

தலைவி கிடங்கு விடுமுறைதோறும் இல்லத்துக்குப் போய்வந்தார். ஒருமுறை நானும் உடன்சென்றேன். தோழி ஒருக்களித்துக் கிடந்தார். மெத்தை என்னாயிற்று என்று அவர் கேட்கவில்லை. தலைவிதான் தாமாகச் சொன்னார்.

"துணி காஞ்சா முடிஞ்சிரும் மதினி. வெரசா கொண்டாந்துருவோம்."

"நீங்க கொண்டாறதுக்குள்ள நான் எந்திரிச்சு மலைக்குச் சோலிக்குப் போயிருவேன் போலருக்கே."

"போங்க, போங்க. ஜீப்புல எனக்கும் ஒரு எடம் போட்டு வைங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பின் அசைவில் புண் வலித்திருக்க வேண்டும்; தோழி உதட்டைக் கடித்துக்கொண்டு கண்களை மூடிக்கொண்டார்.

கடைக்காரர் சொன்ன அளவில் தோலைக் கலந்த தலையணைகள் மதுரைக்குப் போயின, இம்முறை விற்றன. மெத்தைக்குச் சொல்லிவைத்த பின், அது வந்து சேருமுன், புண்ணின் நச்சு உடலெங்கும் பரவித் தோழி இறந்துபோனார். அடக்கத்துக்குக் குழுவினர் அனைவரும் போனார்கள். மெத்தையைத் திருப்பிவிடலாமா என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள். தலைவி வேண்டாமென்று தலையசைத்தார்.

மெத்தை வந்த அன்று நானும் போயிருந்தேன். தோழி கிடந்த கட்டிலில் இப்போது வேறொரு முதியவள், அவளுக்கும் முதுகில் புண். பெண்கள் மெத்தையை விரித்து, காற்றடிக்கும் எந்திரத்தை மாட்டினார்கள். அது மெல்ல எழும்பியது. தலைவி தம் உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி நெடுநேரம் வைத்திருந்தார்.

"ஒரு ராத்திரியாச்சும் இதுல படுத்துட்டுப் போயிருக்கலாம் மதினி" என்றார். எங்களில் எவரையும் பார்த்துச் சொல்லவில்லை.

முதியவளைத் தூக்கிக் கிடத்தினார்கள். அவள் முதுகை அசைத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் காத்தக் கூட்டி விடு ஆத்தா" என்றாள். தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்திரத்தின் குமிழைத் திருகக் குனிந்தார்.