பத்தாவது துண்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பம்மல் பக்கம் நான் கணக்கு நடத்தும் அரசுப் பள்ளியில் இது சுவருக்குக்கூடத் தெரியும். அந்தத் திங்கட்கிழமை என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி விடைத்தாளோடு வந்து நின்றபோதும் கோபமாகத்தான் இருந்தேன். காரணம் அவளேதான்.

வசதியில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் குரோம்பேட்டையில் ஓர் அறக்கட்டளை சனிக்கிழமை வகுப்பு நடத்துகிறது. முப்பது இடம். அதில் சேர்ந்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை அவர்களே படிக்க வைப்பார்கள். எங்கள் பள்ளியிலேயே வைத்த தேர்வுக்குக் கேள்வி எடுத்ததும் திருத்தியதும் நான். கஷ்டமான கணக்குகளை எல்லாம் ஊதித் தள்ளியவள், முதல் கேள்வியில் கோட்டை விட்டு, ஒரே ஒரு மதிப்பெண்ணில் இடத்தை இழந்திருந்தாள்.

கேள்வி இதுதான்: இருபது அடி இரும்புக் குழாயை இரண்டடித் துண்டுகளாக வெட்டினால் எத்தனை துண்டு கிடைக்கும்? அவள் ஒன்பது என்று எழுதியிருந்தாள்.

"இருபதை ரெண்டால வகுக்கத் தெரியாதாடி உனக்கு?"

"தெரியும் மிஸ். ஆனா பத்து வராது. பிளேடு தின்னுடும்."

"என்னது?"

"ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடு ஒரு நூல் தின்னும் மிஸ். எட்டு நூல் ஒரு இஞ்சு. ஒன்பது வெட்டுக்கு ஒன்பது நூல் போயிடும். பத்தாவது துண்டு ஒரு இஞ்சுக்கு மேல கம்மியா கீது. அதை வெச்சு கேட் அடிச்சா ஒரு பக்கம் தூக்கிக்கும்."

அவளுடைய அப்பா திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் குழாய் வெட்டுகிறவர். விடைத்தாளின் ஓரத்தில் குழாய் படம் போட்டு, ஒன்பது வெட்டுக்கும் கோடு கிழித்திருந்தாள். அந்தப் படத்தின் மேலேயே சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தேன் நான். அடிப்பாவி என்று என்னைத்தான் திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே சந்தோஷத்தில் குதிக்காத குறை. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கணக்கைப் போட்டு வருகிறேன், ஒரு தடவையாவது பிளேடு என் நினைவுக்கு வந்ததா?

மாடிப்படியிலேயே நின்று அறக்கட்டளைத் தலைவருக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்கியது. "விடைக்குறிப்பில பத்துதானே மிஸ் இருக்கு?" என்றார். நான் விடவில்லை. கடைசியில், சனிக்கிழமை கூட்டி வாருங்கள், நானே கேட்கிறேன் என்றார்.

அங்கேதான் புத்தி கெட்டுப்போனேன். வெள்ளிக்கிழமை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர் கேட்டா பத்துன்னே சொல்லிடு. எதுக்கு வம்பு?" என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. "அப்போ நான் போட்டது தப்பா மிஸ்?"

நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.

சனிக்கிழமை அவளுடைய அப்பாவும் வந்தார். தீப்பொறி பட்டுப் பொத்தல் விழுந்த நீலச் சட்டை. தலைவர் அதே கேள்வியைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"எதுல வெட்றீங்க சார்?"

"என்னம்மா?"

"சாக்பீஸ்ல கோடு மட்டும் போட்டா பத்து. பிளேடுல வெட்டினா ஒன்பது."

தலைவர் சிரிக்கவில்லை. "சரி, மூணு அடித் துண்டா வெட்டினா?"

"ஆறு சார். பிளேடு தின்னாலும் ஆறுதான். மிச்சம் கிட்டத்தட்ட ரெண்டு அடி கீதே."

தலைவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"நான் இன்னா சார் சொல்லித் தர்றது? சோறு எடுத்துகினு வரும். நின்னு பாத்துகினே இருக்கும்."

தலைவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வகுப்பின் கடைசி வரிசையில் போட்டார். முப்பத்தோராவது நாற்காலி. அவள் போய் உட்கார்ந்தாள். வேடிக்கை பார்த்த என் கண் நிறைந்துவிட்டது, வெட்கமெல்லாம் படவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட இல்லை, தேறாதவர்களின் விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். எல்லாவற்றிலும் முதல் கேள்வியை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். இன்னும் இரண்டு ஒன்பது இருந்தது. இரண்டின் மேலும் என் சிவப்பு மை.

திங்கட்கிழமை முதல் மணி அடிக்கும் முன்பே அந்த இரண்டு பேரின் வகுப்பு வாசலில் போய் நின்றேன்.